நடு வரி

வைக்கிறேன் என்றால் வைக்கிறேன்தான். இன்று காலையிலும் வைத்தேன். கேனைக் கவிழ்க்கும்போது கடைசி ஒரு டம்ளர் பாலை ஊற்றாமல் நிறுத்தி, மூடி போட்டு, சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். அண்டாப் பால் பொங்கி அடங்குகிறவரை அந்த மிச்சத்தை யாரும் தொடக் கூடாது. பால்கோவாக் கடை முதலாளி, நம்ம அண்ணாச்சியே தொடமாட்டார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இது சாமிக்கா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். நின்று விளக்கம் சொல்ல எனக்கு ஏது பொறுமை.

ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதானே. "மிச்சம் வைக்கியாலே?" நான் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் வந்து வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு உன்னோடு பேச முடியவில்லை. ஆவணியில் நீ போய்விட்டாய். இப்போது புரட்டாசி முடியப் போகிறது. பதில் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

கையெல்லாம் புளி வாடை. நாளை ஆயுத பூஜை. விடிவதற்குள் மதினி, அதுதான் அண்ணாச்சியின் வீட்டுக்கார அம்மா, பால்கோவா அடுப்படியில் இருந்த பாத்திரம் அத்தனையையும் முற்றத்தில் இறக்கிவிட்டார்கள். பால் இறக்கப் போனவனைப் பிடித்துப் பெரிய பித்தளை அண்டாவைத் தேய்க்க வைத்துவிட்டார்கள். புளி போட்டுத் தேய்த்தேன். குழாயடிக்குத் தூக்கிப் போய்த் திரும்பத் திரும்பக் கழுவினேன். பிறகு உள்ளே கையை விட்டு அடியைத் தடவி விரலை நக்கிப் பார்த்தேன். மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஏன் என்று உனக்குத் தெரியும்.

அந்த வாடையோடு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறேன். கடைகளுக்குப் பால்கோவா போட்டாகிவிட்டது. காலி டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, பொட்டலம் கட்டுகிற தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்தால் ஓர் இடத்தில் நிற்காதவன் நான் என்று நீயே சொல்லுவாய். இன்றைக்கு நிற்கிறேன். உன் தங்கச்சி வருகிறாளா என்று பார்க்க நிற்கிறேன்.

விஷயம் உனக்குத் தெரியாது. உன் காரியம் முடிந்த மறுநாளே உன் நைனா வசந்தாவைக் கல்லூரிக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். (உங்கள் வீட்டுத் தெலுங்கில் அப்பாவை நீங்கள் நைனா என்று கூப்பிடக் கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் நைனாதான்.) முதல் வருடம், உன்னைப் போலவே கணக்கு. சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. "படிச்சுப் படிச்சுத்தான் எம் பிள்ளைக்கு நெஞ்சு போச்சு. இன்னொண்ணையும் குடுக்க என்னால ஆகாது" என்றார். வந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். கல்லூரியிலிருந்து ஆளிடம் சொல்லி அனுப்பினார்கள். பூஜை விடுமுறைக்கு முன்னால் வரவில்லை என்றால் பெயரை அடித்துவிடுவோம், நிறுத்துவதானால் அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட்டு டி.சி. வாங்கிக்கொண்டு போகட்டும் என்று. விடுமுறைக்கு முந்திய நாள் இன்றைக்குத்தான். அவள் கல்லூரி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் போகிற வழியில் இருக்கிறது. எட்டு மணி பஸ்ஸை விட்டால் முதல் மணி போய்விடும்.

மணி ஏழரைகூட ஆகவில்லை. அதுவரை எழுதுகிறேன்.

உன் நெஞ்சைப் பற்றி எனக்கு முதலில் தெரிந்தது கல்லூரி மாடிப்படியில்தான். நான் இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே போய் நின்று கத்துவேன். நீ நாலு படி ஏறுவாய், கைப்பிடியைப் பிடித்து நிற்பாய், சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீசைப் படிப்பது மாதிரி நடிப்பாய். பழைய நோட்டீசையே எத்தனை தடவைடா படிப்பாய் என்று நான் கேட்ட அன்றுதான் சொன்னாய். சின்ன வயதில் மூட்டுக்கு மூட்டு வலித்துக் காய்ச்சல் வந்ததாம். அது நெஞ்சுக்குள் வால்வைக் கெடுத்துவிட்டுப் போனதாம். மதுரைப் பெரிய டாக்டர் சொன்னாராம். சளி பிடித்திருக்கிறது என்பது மாதிரி சொல்லிவிட்டு அடுத்த நாலு படி ஏறினாய்.

அந்தப் படியில் வைத்துத்தான் எனக்கு அந்தப் பாடத்தையும் சொன்னாய். தர்க்கம் என்று ஒரு பாடம், "இது எனில் அது" என்று கரும்பலகை முழுக்க வாத்தியார் எழுதிப் போடுவாரே, அது. பரீட்சையில் எனக்கு அதில் முட்டை. விடை எல்லாம் சரி. ஆனாலும் முட்டை. பேப்பரைக் கசக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். நீ ஏறிக்கொண்டிருந்தாய். பேப்பரை வாங்கிப் பிரித்துப் பார்த்தாய்.

"உங்க தெருவுல மில் சங்கு கேக்கும்ல?" என்றாய்.

"எங்க தெருவுல மட்டுமா? ஊருக்கே கேக்கும்."

"ஷிப்ட் முடிஞ்சா சங்கு ஊதும்." ஒரு படி ஏறி மூச்சு வாங்கினாய். "ஷிப்ட் முடிஞ்சிருச்சு." இன்னொரு படி, இன்னொரு மூச்சு. "அப்ப சங்கு ஊதும்."

"இதுல என்னலே இருக்கு? கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"கைப்பிள்ளைக்குத் தெரியும். உனக்குத் தெரியலையே. நீ எழுதுனதைப் பாரு. மொத வரி இருக்கு. கடைசி வரி இருக்கு. நடு வரி எங்க?"

"அதான் தெரிஞ்சதாச்சே."

"யாருக்குத் தெரிஞ்சது? ஷிப்ட் முடிஞ்சா சங்கு ஊதும்ங்கிறது எந்நேரமும் உண்மைதான். எல்லாரும் மிஷினுல நிக்கப்பவும் உண்மைதான். அதை மட்டும் வச்சுக்கிட்டு இப்ப சங்கு ஊதும்னு சொல்லிர முடியுமா? முடிஞ்சிருச்சான்னு ஒருத்தன் உள்ள போய்ப் பாத்துட்டு வரணும்ல. அவன் வந்து சொல்லுறதுதான் நடு வரி. நீ யாரையும் அனுப்பலையே."

நான் விடவில்லை. சரி, சங்கு ஊதிவிட்டது, அப்போது ஷிப்ட் முடிந்தது என்றுதானே அர்த்தம், அதற்கு யாரும் போய்ப் பார்க்க வேண்டாமே என்று மடக்கினேன். மடக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு சிரிப்பும் சிரித்தேன். நீ படியில் உட்கார்ந்துவிட்டாய்.

"எங்கம்மாவும் அப்படித்தான்லே நெனச்சா. நான் சின்னப் பையனா இருக்கப்ப ஒரு நா பட்டப்பகல்ல சங்கு ஊதுச்சு. நைனா வந்துருவாருன்னு வட்டில்ல சோத்தைப் போட்டுக் கொழம்பையும் ஊத்திட்டா. சோறு ஆறுது, ஆளைக் காணோம். பாத்தா பஞ்சு குடோன்ல தீ. அதுக்குத்தான் ஊதியிருக்கான். நைனா அங்க வாளியத் தூக்கிக்கிட்டு ஓடிக்கிட்டு இருக்காரு. ஷிப்ட் முடிஞ்சா சங்கு ஊதும்னுதான் சொன்னான். சங்கு ஊதுனா ஷிப்ட் முடிஞ்சுதுன்னு எவனும் சொல்லலையே."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்கு அது ஏறவில்லை. குடோன் தீ மட்டும்தான் மனதில் நின்றது. அந்தப் பருவம் முடியும் முன்பே நான் கல்லூரியை விட்டுவிட்டேன். யாரும் துரத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தால் கால் துடித்தது, அவ்வளவுதான். "விட்டுட்டியா? சரி. பசிச்சா எங்க வீட்டுக்கு வா" என்றாய். அறிவுரை சொல்லாத ஒரே ஆள் நீதான்.

பிறகு அண்ணாச்சியிடம் பால் வண்டி வேலை கிடைத்தது. என் காலுக்கு ஏற்ற வேலை. இருட்டோடு கூமாப்பட்டி போய் மாரியக்காவிடம் பாலை வாங்கி, மொபெட்டில் கேனைக் கட்டி, வத்திராயிருப்பு வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டுவந்து இறக்க வேண்டும். மாரியக்காவுக்கு இரண்டு மாடு. அந்தப் பாலை வைத்துத்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயின. நீ லீவு நாளில் பஸ் ஏறி வந்துவிடுவாய். அடுப்படி வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தால், பால்கோவா கிண்டி இறக்கிய சட்டியை மதினி உன் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கிற காந்தலைச் சுரண்டித் தின்பதில் உனக்கு அப்படி ஒரு ஆனந்தம். "படிச்ச பிள்ளை சட்டி சொரண்டுதைப் பாரு" என்று அண்ணாச்சி கிண்டல் பண்ணுவார்.

நீ கடைசி வருடம் படிக்கும்போது வந்த விஜயதசமி. முதல் நாள் ஆயுத பூஜைக்கு அடுப்பு அணைந்து கிடந்தது. அன்று காலை சாமி கும்பிட்டு முதல் ஈடு பாலை அண்டாவில் ஊற்றி அடுப்பில் ஏற்றினார்கள். நீ சாக்கை விரித்துவிட்டாய். பால் சூடேறி நுரை கட்டுகிற நேரம், அண்ணாச்சி கரண்டியைப் போட்டுவிட்டு என்னைத்தான் முதலில் பார்த்தார். அண்டா முழுக்கத் திரிதிரியாக மிதந்தது.

"ஏலே, வழியில எங்கலே நின்ன?"

"எங்கயும் நிக்கலை அண்ணாச்சி."

"வத்திராயிருப்புல சினிமாப் போஸ்டரைப் பாத்துக்கிட்டு நின்னியா?"

"சத்தியமா நிக்கலை."

"நிக்காம எப்படிலே திரியும்? வழியில போட்டு வச்சா பாலு கெடும். கெட்ட பாலு திரியும். இந்தா திரிஞ்சு கெடக்கு. இன்னும் என்ன சாட்சி வேணும்? இல்லாட்டி அந்தக் கூமாப்பட்டிக்காரி நேத்துப் பாலைக் கலந்துருப்பா. ரெண்டுல ஒண்ணு. நாளையிலருந்து அவ பாலும் வேண்டாம், நீயும் வேண்டாம். நல்ல நாளும் அதுவுமா மொத பாலைக் கெடுத்துட்டானே."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. போஸ்டர் பார்க்க நிற்கிறவன்தான் நான், அது ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு நிற்கவில்லை. வெளியே போய் மாரியக்காவிடம் என்ன சொல்வது என்று நினைத்ததும் இன்னும் கொதித்தது. "கற்பூரத்தை ஏத்துங்க. ஆண்டாள் கோயில் வாசல்ல வேணும்னாலும் அடிச்சுச் சத்தியம் பண்ணுதேன்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றேன்.

நீ சாக்கிலிருந்து எழுந்திருக்கவில்லை. "நீ சத்தியம் பண்ணுவலே. பாலு பண்ணுமா? கேன்ல மிச்சம் கெடக்கா?"

கேனை ஆட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு டம்ளர் அளவுக்குக் கிடந்தது. அவசரத்தில் ஒழுங்காகக் கவிழ்க்காமல் விட்டது. என் அவசரம் எனக்கு உதவியது அந்த ஒரு தடவைதான்.

"அண்ணாச்சி, நீங்க சொன்னதையே சொல்லுதேன். சரியான்னு பாருங்க. கேன்ல வந்த பாலு கெட்டிருந்தா, காய்ச்சுனா திரியும்."

"ஆமா."

"அண்டாவுல காய்ச்சுனாலும் திரியும், வேற பாத்திரத்துல காய்ச்சுனாலும் திரியும்."

"எதுல காய்ச்சுனா என்னய்யா? கெட்டது கெட்டதுதான்."

"அப்ப இந்த மிச்சத்தை மதினி காப்பிச் சட்டியில காய்ச்சட்டும். திரியலைன்னா?"

அண்ணாச்சி கேனை எட்டிப் பார்த்தார். எங்கேயோ கொண்டுபோய் விடுகிறான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "திரியலைன்னா... பாலு கெடலைன்னுதான் ஆகும்."

"பொறவு மாத்திப் பேசக் கூடாது."

"நான் யாவாரி. சொன்ன பேச்சு சொன்ன பேச்சுதான்."

மதினி சட்டியை விளக்கிக்கொண்டு போனார்கள். நான் உன் பக்கத்தில் குனிந்து, திரிஞ்சா என்னலே செய்ய என்று கேட்டேன். "திரிஞ்சாலும் பாலு கெட்டதுன்னு நிச்சயமாச் சொல்லிர முடியாது. ஆனா உன் வேலை போறது நிச்சயம்" என்றாய். அந்த நேரத்திலும் உனக்குச் சிரிப்பு.

சட்டியைச் சுற்றி எல்லோரும் நின்றோம். ஒரு டம்ளர் பால் காய எவ்வளவு நேரம் ஆகும். அன்றைக்கு ஒரு யுகம் ஆனது. ஓரத்தில் முத்து முத்தாக வந்தது. ஆடை சுருங்கியது. பிறகு ஒரே மூச்சாக மேலே எழுந்து பொங்கியது, மதினி முந்தானையால் பிடித்து இறக்கினார்கள். வெள்ளை வெளேர் என்று ஒரு திரி இல்லாமல் நின்றது. அண்ணாச்சி டம்ளரில் ஊற்றி, ஊதி, ஒரு வாய் குடித்தார். பிறகு சீனி கேட்டார்.

"நல்ல பாலுதான்" என்றார்.

நான் துள்ளிவிட்டேன். "அப்ப அண்டாதான். அண்டாவுலதான் கோளாறு."

நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "நில்லுலே. பாலு கெடலைங்கிறது வரைக்கும்தான் இப்பத் தெரியும். அண்டாவுல புளிப்பு இருந்தா நல்ல பாலும் திரியும். இருக்கான்னு பாத்தியா? நடு வரிய எழுதாம ஓடுத."

போய்ப் பார்த்தேன். திரிந்த பாலைத் துணியில் வடித்துவிட்டு அண்டாவைச் சாய்த்து அடியில் விரலை விட்டேன். அடிப்பிடித்த கறைமேல் பழுப்பாக ஏதோ பிசுபிசுத்தது. நக்கினேன். பல் கூசியது.

மதினி நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். பூஜைக்கு முதல் நாள் அடிக்கறை போவதற்காகக் கெட்டியாகப் புளியைக் கரைத்து அண்டாவில் ஊற்றி ஊறவைத்திருக்கிறார்கள். ஊறியதைக் கொட்டிவிட்டுக் கழுவலாம் என்று பார்த்தால் குழாயில் தண்ணீர் இல்லை. வெளிப்பக்கம் மட்டும் துணியால் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்துப் பூஜையில் வைத்துவிட்டார்கள்.

"காலையில கழுவ வேண்டியதுதானே?" என்றார் அண்ணாச்சி.

"பொட்டு வச்ச பாத்திரத்தை மொத பாலு ஊத்துறதுக்கு முன்னாடி எப்படிக் கழுவ? எங்க மாமியார் ஒரு நாளும் கழுவ விட்டதில்ல. உங்களைப் பெத்த அம்மாதானே, தெரியாதாக்கும்?"

"எங்கம்மா புளியையும் உள்ள விட்டுட்டா பொட்டு வச்சா?"

"தண்ணி லாரிக்குச் சொல்லுங்க சொல்லுங்கன்னு தொண்டை வத்தக் கத்துனேன். சொன்னியளா? இப்ப பாலுக்காரன் மேல பாயுதிய."

அண்ணாச்சி துணியில் வடித்ததை எடுத்து மதினியிடம் நீட்டினார். திரிந்ததைச் சீனி போட்டுக் கிண்டச் சொன்னார். அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் தின்றோம். நன்றாகவே இருந்தது. என்னிடம் வந்து, "நாளைக்குச் சீக்கிரம் வந்துருலே" என்றார். அவரிடமிருந்து அதற்குமேல் வராது.

மறுநாள் கூமாப்பட்டியில் மாரியக்கா வழக்கம்போலப் பாலை அளந்து ஊற்றியது. தன் பால் ஒரு காலைப்பொழுது விசாரணைக்குப் போய் விடுதலையாகி வந்தது அதற்குத் தெரியாது. "என்ன தம்பி, தன்னால சிரிக்க?" என்று கேட்டது. ஒன்றுமில்லை என்றேன். மலை அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. வண்டியில் வரும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பால் கெட்டிருந்தால் திரியும். திரியவில்லை. ஆகவே கெடவில்லை. புளிப்பு இருந்தால் திரியும். புளிப்பு இருக்கிறது. ஆகவே திரியும். ஒவ்வொரு தடவையும் நடுவில் ஒருவன் சட்டியிடம் போயிருக்கிறான், அண்டாவிடம் போயிருக்கிறான். கண்ணால் பார்த்தோ நாக்கால் நக்கியோ அந்த வரியை வாங்கி வந்திருக்கிறான். அண்ணாச்சி திரிந்த பாலைப் பார்த்ததும் பின்பக்கமாக ஓடி என்னைப் பிடித்தார். உங்கள் அம்மா சங்கைக் கேட்டதும் சோற்றைப் போட்ட மாதிரி. மாடிப்படியில் ஏறாதது மொபெட்டில் ஏறியது. அன்றிலிருந்துதான் மிச்சம் வைக்கிறேன்.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், உன் நைனாவும் திரிந்த பாலைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார். நீ ராத்திரி முழுக்க விளக்கைப் போட்டு உட்கார்ந்து படித்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பிறகு நீ போய்விட்டாய். கண் விழித்துப் படித்தால் நெஞ்சு கெடும், நெஞ்சு கெட்டுவிட்டது, ஆகவே படிப்புதான். பெற்றவர் மனசு அங்கே போய் நின்றுவிட்டது. அதைவிட்டு நகர மாட்டேன் என்கிறது.

முதல் தடவை போய்க் காரியத்தைக் கெடுத்தேன். "நைனா, படிச்சா நெஞ்சு கெடும்னா உங்க டாக்டர் எம்புட்டுப் படிச்சிருப்பாரு. அவிய நல்லாத்தான இருக்காவ?" என்று எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டேன். நீயாக இருந்தால் இதையே சிரிக்க வைத்துச் சொல்லியிருப்பாய். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் செருப்பைக்கூடச் சரியாகப் போடவில்லை. "போ ரா" என்று தெலுங்கில் விரட்டினார். வசந்தா கதவுக்குப் பின்னால் நின்றது தெரிந்தது.

போன வாரம் திரும்பப் போனேன். இந்தத் தடவை நடு வரியைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். நீ சொல்லாதே என்று சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவதானால் திட்டிக்கொள்.

உனக்கு நினைவிருக்கும். சித்திரை வெயிலில் உங்கள் தெருமுனைப் பாலத்தில் உட்கார்ந்திருந்தோம். அஞ்சல் வழியில் மேற்படிப்புக்குக் கட்டியிருந்தாய். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நானும் உன் நைனா மாதிரிதான் கேட்டேன், அப்படி என்னலே விடிய விடியப் படிப்பு என்று. நீ சொன்னாய்:

"படுத்தா மூச்சு முட்டுதுலே. ரெண்டு தலகாணி வச்சேன். பொறவு மூணு வச்சேன். பொறவு உக்காந்துட்டேன். உக்காந்துக்கிட்டுச் சொவத்தையே எம்புட்டு நேரம் பாக்க? அதான் புஸ்தகத்தை எடுத்தேன்."

"வீட்டுல சொன்னியா?"

"டாக்டருட்டச் சொல்லியாச்சு. நைனாட்டச் சொல்லிராத. லைட்டை அணைடான்னு சத்தம் போடுதாரு. போடட்டும். படிக்கான்னு நெனச்சா திட்டிட்டுத் தூங்கிருவாரு. மூச்சு முட்டுதுன்னு தெரிஞ்சா அவரும் உக்காந்துருவாரு. காலையில மில்லுக்குப் போகணும்ல."

தர்க்கத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவன், உன் அப்பா தப்பாகப் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டாய். அவர் தூங்க வேண்டும் என்பதற்காக.

இதை அப்படியே சொன்னேன். வேகமாகச் சொல்லவில்லை. உன்னைப் போல நின்று நின்று சொன்னேன். படித்ததால் நீ உட்காரவில்லை, படுக்க முடியாததால் உட்கார்ந்தாய், உட்கார்ந்ததால் படித்தாய் என்றேன். அந்தப் புத்தகம்தான் உனக்கு ராத்திரித் துணை என்றேன்.

"எத்தனை தலகாணின்னு சொன்னான்?"

"மூணு, நைனா."

எழுந்து உன் அறைக்குள் போனார். உன் கட்டிலை இன்னும் யாரும் கலைக்கவில்லை போலிருக்கிறது. செத்த நேரம் கழித்து வெளியே வந்தார். கண்ணைத் துடைக்கவில்லை, அப்படியே வந்தார். "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சொன்னதை நம்பி அவர் எழுந்திருக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உன் அப்பா என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால் வசந்தாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு நானும் அந்தப் பக்கம் போகவில்லை. என் வாயை நம்பி இன்னொரு தடவை போக எனக்குப் பயம்.

சந்தையடிப் பக்கத்திலிருந்து பஸ் திரும்புகிறது. எட்டு மணி பஸ்தான்.

வருகிறாள்லே. வசந்தா வருகிறாள். பச்சைத் தாவணி. மார்போடு புத்தகம். பக்கத்தில் நைனா.

நைனா மனசு மாறியிருந்தால் அவள் இன்றைக்குக் கல்லூரிக்கு வருவாள். வந்துவிட்டாள். ஆகவே என்று எழுதிவிட்டுக் கையை நிறுத்தியிருக்கிறேன். சங்கு ஊதினால் ஷிப்ட் முடிந்தது என்று எவனும் சொல்லவில்லை. டி.சி. வாங்குவதானாலும் அப்பா நேரில் வர வேண்டும் என்றுதானே சொல்லியிருந்தார்கள். கொடுக்க வேண்டிய புத்தகம் இருந்தால் அதையும் எடுத்து வர வேண்டும்.

இரு. நைனா கையில் தூக்குவாளி.

டி.சி. வாங்க மட்டும் போகிறவர்களுக்கு மத்தியானச் சோறு எதற்கு? கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம். டி.சி.க்கு என்றால் தூக்கு வராது. தூக்கு வந்திருக்கிறது. ஆகவே. இது சரியாலே? மில்லுக்குக் கொண்டுபோகிற அவருடைய தூக்காக இருந்தால்? ஆனால் இந்த நேரத்துக்கு அவர் மில்லுக்குள் அல்லவா இருக்க வேண்டும்.

சிந்திவிடாமல் நேராகப் பிடித்து வருகிறார். காலி வாளியை யாரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள். கூட்டத்தில் ஒருவன் இடித்ததற்கு வாளியை மார்போடு அணைத்துக்கொள்கிறார்.

என்னைப் பார்த்துவிட்டார். கையைத் தூக்கிக் கூப்பிடுகிறார். பஸ் உறுமுகிறது. எதற்கு வந்தீர்கள் நைனா என்று வாயால் கேட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் நீ விடமாட்டாய்.

போறேன்லே.